சொந்தப் போருக்கு பைப் வெல்டிங்: கடையில் பொறுக்குவது முதல் குழிக்குள் இறக்குவது வரை

சொந்தமாகப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட நினைப்பவர்கள் முக்காலி, இன்ஜின், மண் பம்ப் எல்லாவற்றையும் நன்றாக யோசித்து வைத்திருப்பார்கள். துளை போடும் பைப்பை மட்டும் கடைசி வாரத்தில் ஏதோ ஒரு பட்டறையில் அவசரமாக ஒட்ட வைப்பார்கள். எழுபதாவது அடியில் வெல்ட் விட்டுப்போய், கீழ்ப்பாதி பைப்பும் அதன் நுனியில் மண்ணைத் துளைக்கும் பிட்டும் மண்ணுக்குள் நின்றுவிட்டால் அந்தக் குழியும் போச்சு, இரும்பும் போச்சு. என் கொட்டகையில் பைப் ஒட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் தடுமாறியது பெரும்பாலும் வெல்டிங்கில் இல்லை, வேலையின் வரிசையில்தான். அதனால் வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

இங்கே கணக்கில் எடுத்திருப்பது 40 மி.மீ. பைப், பத்தடித் துண்டுகள், மொத்தம் நூறடி ஆழம், சேற்றுநீர் சுழற்சியில் துளை போடும் சிறிய எந்திரம்.

1. உங்கள் மண்ணுக்கு இது ஆகுமா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருக்கும் ஆற்று வண்டல், மணல், களி போன்ற மண்ணுக்கு மட்டும் இந்த முறை. பிட்டைச் சுற்றி மண்ணைக் கரைத்து, பைப் வழியாகச் சேற்றுநீரை இறக்கி, வெளிப்பக்கமாக மேலே கொண்டுவருகிறோம். பம்ப் கொடுக்கும் அழுத்தமும் குறைவு.

சேலம், தர்மபுரி, கோயம்புத்தூர் மாதிரி பாறைப் பகுதியில் காற்றழுத்தச் சுத்தியலால்தான் துளைக்க வேண்டும். அங்கே வீட்டில் ஒட்டிய பைப்பை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஒரு வெல்டைப் பிளந்தால் அது வெடிதான். பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும்.

அனுமதி விஷயத்தையும் பைப் வாங்குமுன் முடித்துவிடுங்கள். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததை அடுத்து உச்ச நீதிமன்றம் 2010-இல் கொடுத்த நெறிமுறைகளின்படி, நில உரிமையாளர் வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளை போடுபவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே சொந்த எந்திரத்தில் போடுவதாக இருந்தால் அதைச் சொல்லியே ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

2. பைப்: கறுப்பு, சி கிளாஸ்

ஐ.எஸ். 1239 தரத்தில் சி கிளாஸ் பைப்புக்குச் சிவப்புப் பட்டை இருக்கும், பி கிளாஸுக்கு நீலம், ஏ கிளாஸுக்கு மஞ்சள். 40 மி.மீ. சி கிளாஸ் பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் 4 மி.மீ. பி கிளாஸில் சுவர் 3.2 மி.மீ. தான். விலையில் தெரியும் வித்தியாசத்தைப் பார்த்து பி வாங்கிவிடாதீர்கள். சேற்றில் உரசி உரசி முதலில் தேய்வது இந்தச் சுவர்தான்.

ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டுக்குள்ளும் குமிழி விழும். பூச்சில்லாத கறுப்பு பைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே ஒவ்வொரு பைப்பையும் சமதரையில் உருட்டிப் பாருங்கள். ஒரு முனையில் கண்ணை வைத்து உள்ளே நோக்கினால் மறுமுனை வட்டம் நடுவில் தெரிய வேண்டும். வளைந்த பைப்பை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று எடுத்துவந்தவர்கள் இரண்டு நாள் சுத்தியலோடு போராடிவிட்டு மறுபடி கடைக்குப் போயிருக்கிறார்கள்.

3. மரை ஜாயிண்டை லேத்தில் கடைந்து வாங்குங்கள்

பைப்பிலேயே மரை வெட்டி, மேலே ஒரு சாக்கெட்டைப் போட்டு ஒட்டிவிட்டால் போதாதா என்று எல்லாருமே கேட்கிறார்கள். போதாது. இந்த அளவு பைப்பில் சாதாரண மரை அங்குலத்துக்கு 11 சுற்று, ஏறத்தாழ 1.5 மி.மீ. ஆழம். 4 மி.மீ. சுவரில் அது போக மிஞ்சுவது இரண்டரை மி.மீ. முறுக்கும் வளைவும் சேர்ந்து வந்து விழுவது அதே இடத்தில். ஒடிந்துபோன பைப்புகளைக் கொண்டுவந்து காட்டினால், முறிவு மரையின் கடைசிச் சுற்றிலேயே இருக்கும்.

அதற்குப் பதிலாகத் தடித்த ஜாயிண்ட், அதாவது ஒரு ஆண் மரைத் துண்டும் ஒரு பெண் மரைத் துண்டும், கடைந்து பைப்பின் இரு முனையிலும் ஒட்ட வேண்டும். இ.என். 8 ரக எஃகு உருட்டுக் கம்பி, 60 மி.மீ. விட்டம், நடுத்துளை 25 மி.மீ., ஒவ்வொரு துண்டும் 120 மி.மீ. நீளம். மரை தடிப்பாகவும் கூம்பாகவும் இருந்தால் நாலைந்து சுற்றில் இறுகும், சேறு பட்டாலும் சிக்காது. போர் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு பக்கத்து லேத் பட்டறைகளில் இதை விளக்கவே வேண்டாம். மற்ற ஊர்களில் ஒரு மாதிரித் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

லேத்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை நான்கு. மரை வலக்கை மரையாக இருக்க வேண்டும், எந்திரம் வலப்பக்கம் சுற்றும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். ஒட்டும் பக்கத்தில் 35 மி.மீ. நீளத்துக்கு ஒரு மூக்கு கடைய வேண்டும், அது பைப்புக்குள் நுழைந்து உட்காரும். பைப்பின் உள்விட்டம் கணக்குப்படி 40.3 மி.மீ., ஆனாலும் உங்கள் பைப்பை அளந்து அதைவிடக் கால் மி.மீ. குறைவாக மூக்கைக் கடையச் சொல்லுங்கள். மூக்குக்கு மேல் தோள்பட்டை சட்டென்று ஏறாமல் சரிவாக ஏற வேண்டும், இல்லையென்றால் மேலே இழுக்கும்போது குழியின் ஓரத்தில் மாட்டும். கடைசியாக, பெண் துண்டில் சாவி (குழி வாயில் பைப் வரிசையைத் தாங்கிப் பிடிக்கும் கவை) பிடிக்க இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டித் தர வேண்டும். இந்த வெட்டை ஒட்டியபிறகு போட முடியாது. பத்தடி பைப்பை மில்லிங் மெஷினில் ஏற்ற எந்தப் பட்டறையும் இடம் தராது.

கூடுதலாக ஒரு ஆண், ஒரு பெண் துண்டு கடைந்து அளவு பார்ப்பதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு துண்டையும் அதில் முறுக்கிப் பார்த்து வாங்குங்கள். எந்த பைப்பும் எந்த பைப்போடும் சேர வேண்டும் என்றால் இதைத் தவிர வழியில்லை.

4. வெட்டுதல், முனை சீவுதல்

இருபதடி பைப்பை நடுவில் வெட்டினால் இரண்டு பத்தடித் துண்டு. வெட்டு செங்குத்தாக இருக்க, ஒரு நீளக் காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி இறுக்கி, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி பிடித்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் பைப்பைச் சுழற்றியபடி கட்டிங் வீலால் மெல்ல வெட்டுங்கள்.

பைப்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு தையல் மேடு இருக்கும். முனையிலிருந்து 40 மி.மீ. வரை அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு மூக்கைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். மூக்கு ஒரு பக்கம் தள்ளி உட்காரும், அந்தக் கோணலை அப்புறம் எந்த வெல்டும் சரிசெய்யாது.

பைப் முனையை 30 பாகை சரிவாகச் சீவுங்கள். நுனியில் ஒன்றரை மி.மீ. சீவாமல் விடுங்கள், கத்தி மாதிரி ஆக்கினால் முதல் சுற்றிலேயே கரைந்து ஓட்டை விழும். சீவிய இடமும் அதை ஒட்டி ஓர் அங்குலமும் பளபளவென்று தெரியும்வரை துருவையும் எண்ணெயையும் எடுங்கள். லேத்திலிருந்து வரும் துண்டுகளிலும் எண்ணெய் இருக்கும், தின்னரில் துடையுங்கள்.

5. நேராகப் பிடிக்கும் படுக்கை

ஒரு பாகை கோணினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஜாயிண்ட் ஒரு பாகை சாய்ந்தால் பத்தடி தள்ளி அடுத்த பைப்பின் நுனி ஐந்து சென்டிமீட்டர் விலகி நிற்கும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் அந்த வெல்ட் 3600 தடவை முன்னும் பின்னும் வளைகிறது. ஒரே இடத்தில் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான்.

எட்டடி நீளத்தில் நேரான ஆங்கிள் ஒன்றை வாய் மேலே பார்க்க மேசையில் பதித்து, நூல் கட்டி நேர் பாருங்கள். பைப் அந்தப் பள்ளத்தில் கிடக்கும், இரண்டு முனையும் வெளியே நீட்டியிருக்கும். முனைக்குப் பக்கத்தில் அசையாத ஒரு தாங்கியில் கூரான போல்ட்டைப் பொருத்தினால் அதுவே அளவுமுள். டயல் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது.

இதோடு ஓர் அடி நீளச் சோதனைத் தண்டு ஆணும் பெண்ணுமாக இரண்டு கடைந்துகொள்ளுங்கள். ஜாயிண்டின் மரையில் அதை முறுக்கிவிட்டு பைப்பைச் சுழற்றினால், கண்ணுக்குத் தெரியாத சாய்வுகூட தண்டின் நுனியில் ஆட்டமாகத் தெரியும்.

6. பொட்டு வைத்தல்

நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். முழு வெல்டுக்குப் பத்து நிமிடம் ஆகிறது என்றால் பொட்டு, அதாவது பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்ட், வைத்து நேர் பார்க்க அரை மணி ஆகட்டும்.

எர்த் கிளாம்ப்பை பைப்பிலேயே, வெல்டுக்கு அருகில் போடுங்கள். எந்திரத்தில் மாட்டிய பைப்பில் வெல்ட் செய்ய நேர்ந்தாலும் இதேதான், எந்திரத்தின் சட்டத்தில் எர்த் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதன் உருளைகளில் புள்ளிபுள்ளியாகக் குழி விழும்.

மூக்கை உள்ளே விட்டு, பைப் முனைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டரை மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒரு 2.5 மி.மீ. எலக்ட்ரோடின் பூச்சை உதிர்த்துவிட்டு வளைத்து நடுவில் வைத்தால் இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்கும். ஜாயிண்டை எரிவாயு டார்ச்சால் சூடேற்றிக்கொண்டு, எவ்வளவு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன், மேலே ஒரு பொட்டு வையுங்கள். பைப்பை அரைச் சுற்று சுழற்றி அதற்கு நேர் எதிரே இரண்டாவது பொட்டு.

இப்போது சோதனைத் தண்டை முறுக்கிச் சுழற்றுங்கள். நுனி எந்தப் பக்கம் அதிகம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் மூன்றாவது பொட்டை வையுங்கள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பையே நிமிர்த்தும் கையாகப் பயன்படுத்துகிறோம். நான்காவது அதற்கு எதிரே. முழுச் சுற்றில் நுனியின் ஆட்டம் ஒரு மி.மீ.க்குள் வந்தால் நான் திருப்தி அடைவேன். அது பத்தடியில் அரை சென்டிமீட்டர் சாய்வுதான்.

வராவிட்டால் பொட்டை அரைத்தெடுத்து மறுபடி வையுங்கள். “முழு வெல்ட் போடும்போது சரியாகிவிடும் அண்ணே” என்று தொடர்ந்தவர்கள் யாருக்கும் சரியானதில்லை. பொட்டிலேயே கோணல் என்றால் முழு வெல்டில் அது கூடத்தான் செய்யும்.

7. சூடேற்றி, சுற்று ஓட்டுதல்

இ.என். 8 இரும்பில் கரிமம் ஏறத்தாழ 0.4 சதவீதம். குளிர்ந்த நிலையில் அதன் மேல் வெல்ட் போட்டால் ஓரம் சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி கடினமாகி, பிறகு விரிசல் விடும். 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை ஜாயிண்டைச் சூடேற்றிவிட்டு வெல்ட் செய்தால் ஆறுவது மெதுவாகும். பைப் சாதாரண இரும்பு, அதைத் தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை. அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான இரும்பில் சூட்டைக் குறைத்துக் காட்டும். கறுப்பு மார்க்கரால் ஓர் இடத்தைப் பூசி அங்கே அளந்து பாருங்கள், அல்லது குறித்த சூட்டில் உருகிக் காட்டும் வெப்பச் சாக்குக்கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரையில் தீப்பொறி ஒட்டாமலும் மரை நெளியாமலும் இருக்க, ஒரு பழைய எதிர்த்துண்டை முறுக்கி, கால் சுற்று தளர்த்தி வையுங்கள். சோதனைத் தண்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது அளவுகோல். பைப்பின் மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரண்டு பக்கமும் அடைத்த பைப்பில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

எலக்ட்ரோடு 7018. கேட் அடிக்க வாங்கிய மிச்சத்தில் கிடக்கும் 6013-ஐ எடுக்காதீர்கள், இந்த இரும்புக்கு அதன் பூச்சிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஆகாது. 7018-உம் ஈரம் இழுத்துவிட்டால் அதே கதைதான். டெல்டாவின் ஐப்பசிக் காற்றில் திறந்த பொட்டலம் ஒரே நாளில் கெட்டுப்போகும். புதிய பொட்டலத்தை அன்று பிரித்து அன்றே முடியுங்கள். மிச்சம் இருந்தால் எலக்ட்ரோடு அடுப்பில் 300 பாகைக்கு மேல் வாட்டித்தான் மறுபடி எடுக்க வேண்டும், சமையல் அடுப்பு அந்தச் சூட்டுக்கு வராது.

மெஷின் டிசி, எலக்ட்ரோடு பாசிட்டிவ். முதல் சுற்று 2.5 மி.மீ. எலக்ட்ரோடு, 80 முதல் 90 ஆம்பியர். பொட்டுகளின் இரு நுனியையும் சரிவாகத் தேய்த்துவிட்டு, கால் வட்டம் ஓட்டுங்கள், எதிர்க் கால்வட்டம், பிறகு மீதி இரண்டு. ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் பைப் அந்தப் பக்கம் சாயும். வில், அதாவது எலக்ட்ரோடு நுனியில் எரியும் மின்சுடர், அடியில் மூக்கைத் தொட்டு உருக்குகிறதா என்று கவனியுங்கள். மூக்கு, பைப், தோள் மூன்றும் ஒரே குட்டையாக உருகி ஓட வேண்டும்.

கசடை முழுக்க எடுங்கள், உளியும் கம்பி பிரஷும் போதாத இடத்தில் கிரைண்டர். இரண்டாவது சுற்று 3.15 மி.மீ. எலக்ட்ரோடு, 110 முதல் 120 ஆம்பியர். முதல் சுற்று தொடங்கிய இடத்தில் இதைத் தொடங்காதீர்கள், இரண்டு அங்குலமாவது தள்ளிப் போங்கள். முடிக்கும் இடத்தில் வில்லைச் சட்டென்று தூக்காமல் சற்று பின்னால் வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் அந்தச் சின்னப் பள்ளத்தில் நட்சத்திர விரிசல் விழும்.

சிலர் பைப்பில் ஓட்டை போட்டு மூக்கோடு கூடுதலாக ஒட்டுகிறார்கள். நான் செய்வதில்லை. அடிவரை உருகிய ஒரு சுற்றே முறுக்கைத் தாங்கும், ஓட்டையின் ஓரம் புது விரிசலுக்கு இடம் கொடுக்கும். தூக்குவதற்கான கொக்கியைப் பைப் சுவரில் ஒட்டுவதும், ஆழமாக உளியடித்து எண் போடுவதும் இதே தவறுதான். எண் வேண்டுமென்றால் பெயின்டில் எழுதுங்கள்.

வெல்டிங் எல்லாம் கொட்டகையில், காய்ந்த தரையில், தோல் கையுறையோடு. சேறான போர்க் குழி ஓரத்தில் ஈர உடையோடு எலக்ட்ரோடைப் பிடிக்காதீர்கள்.

8. ஆறவிடுதல்

தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்விசிறிக் காற்றும் வேண்டாம். முடித்த முனையை அப்படியே உமிச் சாம்பல் நிரம்பிய டிரம்முக்குள் செருகி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அரிசி ஆலையில் கேட்டால் கிடைக்கும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், உள்ளே நெருப்பு கனலாமல் இருக்க வேண்டும்.

9. சோதித்துப் பார்த்தபிறகே அடுத்த பைப்

பத்து பைப்பையும் ஒட்டிவிட்டுச் சோதிக்கலாம் என்று போகாதீர்கள். முதலில் ஓர் அடித் துண்டுப் பைப்பில் ஒரு ஜாயிண்டை இதே முறையில் ஒட்டி, ஆறியபிறகு நீளவாக்கில் அறுத்து, அறுத்த முகத்தைத் தேய்த்துப் பாருங்கள். பைப்புக்கும் மூக்குக்கும் நடுவே அடியில் கறுப்புக் கோடு வெல்டுக்குள் ஏறியிருந்தால் உருகவில்லை என்று அர்த்தம். ஆம்பியரையோ இடைவெளியையோ மாற்றி இன்னொரு துண்டு செய்யுங்கள். இந்த இரண்டு துண்டுகளின் செலவு ஒரு குழியின் செலவில் ஒன்றுமே இல்லை.

நிஜ பைப்பை ஒட்டிய அன்றே பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரஜனால் வரும் விரிசல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூடத் தெரியும். இரண்டு நாள் கழித்து, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் உள்ள விரிசல் சோதனை டப்பா வாங்கி அடித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை அடிவரை தோண்டி எடுத்து மறுபடி சூடேற்றி வெல்ட் செய்யுங்கள். மேலே பூசி மூடினால் விரிசல் உள்ளே வளரும். பெயின்ட் இதற்கெல்லாம் பிறகுதான்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. ஒரு முனையை அடைத்து, உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் வைத்திருக்கும் கைப் பம்பால் உங்கள் மண் பம்பின் உச்ச அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். காற்றை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

10. குழிக்குள் இறக்கும் நாள்

நூறடி பைப், ஜாயிண்டுகளோடு சேர்த்து ஏறத்தாழ 175 கிலோ. மண் சரிந்து பிடித்துக்கொண்டால் இழுக்க வேண்டிய விசை அதைவிடப் பல மடங்கு. அதனால் கயிறும் கப்பியும் முக்காலியும் வெறும் எடைக் கணக்கில் நிற்கக் கூடாது.

மரையைத் துணியால் துடைத்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவி, தோளோடு தோள் முட்டும்வரை முறுக்குங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் மரைக்குள் மணல் இருக்கிறது, கழற்றிக் கழுவுங்கள். சிக்கிய பைப்பை விடுவிக்க எந்திரத்தைப் பின்பக்கம் சுற்றிப் பார்ப்பது இளைஞர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. அப்படிச் சுற்றினால் எங்கோ கீழே ஒரு மரை கழன்று மீதி உள்ளேயே தங்கிவிடும். சேற்றுநீரை ஓடவிட்டு, வலப்பக்கமே சுற்றி, மெல்ல மேலும் கீழும் அசையுங்கள்.

மேல் பைப்பைக் கழற்றும்போது கீழ் வரிசை சாவியில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னபிறகே ரெஞ்சைத் திருப்புங்கள். வெளியே வரும் ஒவ்வொரு வெல்டையும் கழுவிப் பாருங்கள். ஈரம் காயும்போது விரிசலில் மட்டும் தண்ணீர் கசிந்து ஒரு கோடாகத் தெரியும்.

இரவில் வேலையை நிறுத்தினால் பைப் வரிசையைக் குழிக்குள் விடாதீர்கள், சேறு படிந்து காலையில் அசையாது. முழுதும் மேலே எடுத்து அடுக்கிவிட்டு, குழி வாயைக் கனமான இரும்புத் தகட்டால் மூடி, மேலே யாரும் தனியாக நகர்த்த முடியாத எடையை வைத்து, சுற்றிலும் வேலி கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பக்கத்தில் விளையாட வரும் பிள்ளைக்கு அந்த வாய் ஒரு சாண் அகலம்தான் என்பது தெரியாது.

போர் முடிந்தபிறகு உறைக்குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் மேடை, தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. உயரத்தில் போட வேண்டும் என்றும் அதே 2010 நெறிமுறை சொல்கிறது. அதற்கான சிமெண்டையும் ஜல்லியையும் பைப் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.